இந்த மாதம் எதைப் பார்ப்பது: அடோலசன்ஸ், த பிட், செவரன்ஸ்

அக்காவிடமிருந்து போன வாரம் ஒரு வாய்ஸ் மெசேஜ். "இந்த மாசம் ஒரே ஒரு ஓடிடிக்குத்தான் காசு கட்டப்போறேன். நல்ல டிராமாவா ஒண்ணு சொல்லுடா. எல்லாமே நல்லா இருக்கும்னு மட்டும் சொல்லாதே. எது முதல்ல, ஏன், அதைச் சொல்லு."

அக்கா நர்ஸ். வாரத்தில் மூன்று நாள் இரவு டியூட்டி. மகன் எட்டாவது படிக்கிறான். வேலையெல்லாம் முடித்துவிட்டு டிவி முன்னால் உட்கார வாரத்துக்கு இரண்டு மாலை கிடைத்தால் அதிகம். அவளுடைய அந்த இரண்டு மாலைகளையும் ஏதோ ஒரு தொடருக்கு எழுதிக்கொடுப்பது லேசான விஷயமாக எனக்குப் படவில்லை. இரண்டு நாள் யோசித்தேன். சில எபிசோடுகளைத் திரும்பப் போட்டுப் பார்த்தேன்.

மூன்று தொடர்கள் வந்து நின்றன. 2025 மார்ச்சில் நெட்ஃபிளிக்ஸில் வந்த 'அடோலசன்ஸ்', அதே ஆண்டு ஜனவரியில் மேக்ஸ் தளத்தில் தொடங்கிய 'த பிட்', ஆப்பிள் டிவியின் 'செவரன்ஸ்'. செவரன்ஸின் இரண்டாம் சீசனும் 2025 ஜனவரியில்தான் ஆரம்பித்தது. விருதைப் பார்த்து முடிவு செய்யலாம் என்றால் அதுவும் உதவாது. அந்த ஆண்டு செப்டம்பரில் நடந்த எம்மி விழாவில் சிறந்த குறுந்தொடர் அடோலசன்ஸ், சிறந்த டிராமா த பிட், டிராமாவில் சிறந்த நடிகை செவரன்ஸின் பிரிட் லோயர். மூன்றும் மேடையேறிவிட்டன.

அப்புறம் எதை வைத்து எடை போடுவது? எனக்குக் கிடைத்த அளவுகோல் நேரம். எத்தனை மணி நேரம் ஓடுகிறது என்பது மட்டும் இல்லை. ஒரு மணி நேரத்தை நம்மிடமிருந்து வாங்கிக்கொண்டு அதை என்ன செய்கிறது என்பதில்தான் இந்த மூன்றும் ஒன்றுக்கொன்று வேறாகின்றன.

அடோலசன்ஸில் நாலே எபிசோடு. மொத்தமாக நாலு மணி நேரத்துக்குள் அடங்கிவிடும். இங்கிலாந்தின் வடக்கே ஒரு சாதாரணக் குடும்பம். அப்பா எடி மில்லர் பிளம்பர். ஒரு நாள் விடியற்காலையில் போலீஸ் கதவை உடைத்துக்கொண்டு வந்து, 13 வயது மகன் ஜேமியைக் கைது செய்கிறது. கூடப் படித்த பெண்ணைக் குத்திக் கொன்றான் என்பது குற்றச்சாட்டு. அவன்தான் செய்தானா என்ற கேள்வி முதல் எபிசோடிலேயே முடிந்துவிடும். ஏன் செய்தான் என்பதோடுதான் மீதி மூன்று எபிசோடுகளும் மல்லுக்கட்டுகின்றன. ஜாக் தோர்னும் ஸ்டீஃபன் கிரகாமும் சேர்ந்து எழுதியது. அப்பாவாக நடித்திருப்பதும் கிரகாம்தான். இயக்கம் ஃபிலிப் பாரன்டீனி.

ஒவ்வொரு எபிசோடும் ஆரம்பத்திலிருந்து முடிவு வரை ஒரே ஷாட். தெரியாமல் ஒட்டிய கட் எதுவும் கிடையாது. கையடக்கமான கேமராவை ஒருவர் கையிலிருந்து இன்னொருவர் கைக்கு மாற்றி, காரில் பொருத்தி, இரண்டாம் எபிசோடின் கடைசியில் டிரோனில் மாட்டிப் பறக்கவிட்டு, அது மறுபடி தரையிறங்கி கிரகாமின் முகத்தில் வந்து நிற்கும்வரை நிறுத்தாமல் எடுத்திருக்கிறார்கள். நாம் பார்ப்பது முதல் எபிசோடுக்கு இரண்டாவது டேக், இரண்டாவதுக்கு 13ஆவது, மூன்றாவதுக்கு 11ஆவது, நாலாவதுக்கு 16ஆவது.

இதைக் கேட்டால் வித்தை காட்டுகிறார்களோ என்று தோன்றும். எனக்கும் பார்ப்பதற்கு முன் அந்தச் சந்தேகம் இருந்தது. முதல் எபிசோடில் போலீஸ் வேன் கிளம்பியதும் அது போய்விட்டது. வேறு எந்தத் தொடராக இருந்தாலும் வேன் கிளம்பியதும் கட், அடுத்த ஷாட்டில் ஸ்டேஷன் வாசல். இங்கே அழுதுகொண்டிருக்கும் பையனோடு நாமும் வேனில் உட்கார்ந்து ஸ்டேஷன் வரை போக வேண்டும். அப்புறம் ஆடையைக் களைந்து சோதனை போடும் இடம். கேமரா பையனைக் காட்டாது. அதைப் பார்த்துக்கொண்டு நிற்க வேண்டியிருக்கும் அப்பாவின் முகத்திலேயே இருக்கும். அவராலும் திரும்பிக்கொள்ள முடியவில்லை, நம்மாலும் முடியவில்லை. கட் இருந்திருந்தால் ஒரு மூச்சு விட இடம் கிடைத்திருக்கும்.

மூன்றாவது எபிசோடைப் பற்றி மட்டும் நிறையச் சொல்ல வேண்டும். 2025இல் நான் பார்த்த டிவி எபிசோடுகளில் இதுதான் முதல் இடம், சந்தேகமே இல்லை. கைதாகி ஏழு மாதம் ஆகிவிட்டது. ஜேமி இப்போது ஒரு காப்பகத்தில் இருக்கிறான். அவனைப் பற்றி நீதிமன்றத்துக்கு அறிக்கை தர ஒரு உளவியலாளர் வந்திருக்கிறார். பெயர் பிரையனி, நடித்திருப்பவர் எரின் டோஹெர்ட்டி. ஒரு அறை, ஒரு மேசை, இரண்டு பேர். வரும்போது பையனுக்குச் சூடாக சாக்லேட் பானம், மேலே மார்ஷ்மெல்லோ போட்டுக் கொண்டுவந்து தருகிறார். தன் சாண்ட்விச்சில் பாதியையும் கொடுக்கிறார். அதில் ஊறுகாய் இருக்கிறது, எனக்குப் பிடிக்காது என்கிறான் அவன். ஒரு வாய் கடிக்கவும் செய்கிறான்.

அதற்குப் பிறகு நடப்பதையெல்லாம் நான் சொல்லப்போவதில்லை. அந்தப் பையன் இரண்டு நிமிடம் குழந்தையாக இருக்கிறான், அடுத்த நிமிடம் எழுந்து நின்று அந்தப் பெண்ணைப் பயமுறுத்திப் பார்க்கிறான். தான் பயமுறுத்துகிறோம் என்பது அவனுக்குத் தெரிகிறது, அது அவனுக்குப் பிடிக்கவும் செய்கிறது. அவனுக்கு நல்லது நினைத்து வந்தவருக்கு உடம்பு நடுங்குகிறது. எல்லாம் முடிந்து அறையில் தனியாக நிற்கும்போது, மேசையில் கிடக்கும் அந்தக் கடித்த சாண்ட்விச்சை எடுக்கப் போய், பிரையனியின் கை சட்டென்று பின்வாங்கும். வசனம் எதுவும் இல்லை. பாசமாகக் கொடுத்த பொருள் ஒரு மணி நேரத்துக்குள் தொட முடியாததாக மாறியிருக்கிறது. கட் இல்லாததால் அந்த ஒரு மணி நேரம் முழுக்க நாமும் அதே அறையில் இருந்தோம், அது மாறியதைக் கண்ணால் பார்த்தோம்.

ஜேமியாக நடித்த ஓவன் கூப்பருக்கு இதுதான் முதல் நடிப்பு. நாலு எபிசோடில் முதலில் எடுக்கப்பட்டதும் இந்த மூன்றாவதுதான். அதாவது அந்தப் பையன் கேமரா முன்னால் வந்து நின்ற முதல் வேலையே இது. ஒரு இடத்தில் அவன் நிஜமாகவே கொட்டாவி விட்டுவிட, நான் உனக்கு போரடிக்கிறேனா என்று டோஹெர்ட்டி அந்தக் கணத்திலேயே கேட்டுச் சமாளித்திருக்கிறார். அது அப்படியே எபிசோடில் இருக்கிறது. கூப்பருக்கு 15 வயதில் எம்மி கிடைத்தது. அந்த விருது வாங்கிய ஆண்களில் அவன்தான் மிக இளையவன்.

குறைகளும் உண்டு. பள்ளிக்கூடத்தில் நடக்கும் இரண்டாவது எபிசோடில் சில இடங்களில் கேமராவுக்காக ஆட்கள் நடக்கிறார்களோ என்று தோன்றுகிறது. ஆனால் துப்பறியும் அதிகாரியின் சொந்த மகன், அதே பள்ளியில் படிப்பவன், அப்பாவைத் தனியாகக் கூப்பிட்டு, இன்ஸ்டாகிராமில் பிள்ளைகள் போடும் இதயக்குறிகளின் நிறத்துக்கு என்ன அர்த்தம் என்று விளக்கும் காட்சியும் அதில்தான் இருக்கிறது. இத்தனை நாள் விசாரித்த அதிகாரிக்கு அந்தப் பாஷையில் ஒரு எழுத்துகூடத் தெரியவில்லை. பிள்ளை வளர்ப்பவர்கள் யாரும் அந்தக் காட்சியைச் சும்மா கடந்துவிட முடியாது.

எனக்கு இன்னும் உறுத்துவது ஒன்று. கொல்லப்பட்ட கேட்டியை நாம் அறிந்துகொள்வதே இல்லை. எல்லோரும் ஜேமியைத்தான் நினைவில் வைத்திருப்பார்கள், கேட்டியை யாரும் நினைக்க மாட்டார்கள் என்று பெண் அதிகாரி ஒருவர் வாய்விட்டுச் சொல்கிறார். தொடருக்கே தன் குறை தெரிந்திருக்கிறது. தெரிந்தும் சரிசெய்யவில்லை.

சரி, அடுத்தது த பிட். பிட்ஸ்பர்க் நகரத்தில் ஒரு மருத்துவமனையின் அவசர சிகிச்சைப் பிரிவு. முதல் சீசனில் 15 எபிசோடு, ஒவ்வொன்றும் ஒரே ஷிஃப்டின் ஒரு மணி நேரம். காலை 7 மணிக்கு முதல் எபிசோடு தொடங்குகிறது, கடைசி எபிசோடு இரவில் முடிகிறது. எபிசோடின் பெயரே அந்த மணிதான். ராபி என்ற தலைமை மருத்துவராக நோவா வைல். 1994இல் தொடங்கிய 'இஆர்' என்ற மருத்துவமனைத் தொடரில் மருத்துவ மாணவராக வந்தவர், இப்போது நரைத்த தாடியோடு அதே மாதிரியான வார்டில் நிற்கிறார்.

இங்கேயும் நிஜ நேரம்தான், ஆனால் கட் உண்டு. அந்த வித்தியாசம் பெரியது. அடோலசன்ஸ் நம்மை ஒருவரிடம் கட்டிப்போடுகிறது. த பிட் ஒரு படுக்கையிலிருந்து அடுத்த படுக்கைக்கு ஓடவிடுகிறது. ஆரம்ப எபிசோடுகளில் ஒரு முதியவர் வருகிறார். மூச்சுக்குழாய் வைக்க வேண்டாம் என்று முன்பே எழுதிக் கையெழுத்துப் போட்டவர். மகனுக்கும் மகளுக்கும் அவரை விட மனசில்லை. ராபி உள்ளே வந்து பேசுவார், வெளியே போய் நாலு பேரைப் பார்ப்பார், திரும்பி வருவார். அவர்கள் இன்னும் முடிவெடுத்திருக்க மாட்டார்கள். அந்தப் பெரியவரின் சாவு சில எபிசோடுகள் நீளத்துக்கு நடக்கிறது. அதற்குள் பக்கத்துப் படுக்கைகளில் பலர் வந்து தையல் போட்டுக்கொண்டு வீட்டுக்குப் போய்விடுகிறார்கள். கடைசியில் ராபி, தன் ஆசான் சொல்லிக்கொடுத்த ஹவாய் தீவு வழக்கம் ஒன்றைச் சொல்கிறார். போகிறவரிடம் நாலு விஷயம் சொல்ல வேண்டும். உன்மேல் அன்பு இருக்கிறது, நன்றி, உன்னை மன்னித்துவிட்டேன், என்னை மன்னித்துவிடு. அந்த மகனும் மகளும் அதைத் திக்கித் திணறிச் சொல்வதைப் பார்த்துவிட்டு நான் டிவியை நிறுத்திவிட்டுக் கொஞ்ச நேரம் வெளியே போய் நின்றேன்.

ஒரே நாள் என்பதால் இன்னொரு பலனும் கிடைக்கிறது. காத்திருக்கும் அறையில் காலையிலிருந்து ஒருவர் எரிச்சலோடு உட்கார்ந்திருக்கிறார். ஒவ்வொரு எபிசோடிலும் அவர் குரல் கொஞ்சம் ஏறுகிறது. அவர் எத்தனை மணி நேரமாக அங்கே இருக்கிறார் என்று நமக்கே கணக்குத் தெரியும். அந்தக் கோபம் கடைசியில் யார்மேல் போய் விழுகிறது என்று பார்க்கும்போது, தப்பு என்று தெரிந்தும், எங்கிருந்து வந்தது என்று கேட்க வேண்டியதில்லை. அது போய் விழுவது டேனா என்ற மூத்த நர்ஸ்மேல். கேத்தரின் லனாசா நடித்தது, அவருக்கும் எம்மி கிடைத்தது. எந்தப் படுக்கை காலி, யார் எங்கே, எந்த டாக்டர் இன்னும் சாப்பிடவில்லை என்பதெல்லாம் அவர் தலைக்குள்தான் இருக்கிறது. வார்டை நடத்துவது டாக்டர் இல்லை, அவர்தான் என்று இரண்டாவது எபிசோடிலேயே புரிந்துவிடும்.

12ஆவது எபிசோடிலிருந்து வேகம் மாறுகிறது. ஒரு இசை விழாவில் துப்பாக்கிச் சூடு, காயம்பட்டவர்கள் அலை அலையாக வருகிறார்கள். ரத்தம் போதவில்லை. இரவு ஷிஃப்ட் மருத்துவர் ஒருவர் தன் ரத்தத்தைப் பையில் இறக்கிக்கொண்டே, பையைக் காலில் கட்டிக்கொண்டு வேலை பார்க்கிறார். பின்னணி இசை கிட்டத்தட்ட இல்லாத தொடர் இது. அழு, பயப்படு என்று வயலின் வந்து சொல்லாது. அதற்கடுத்த எபிசோடில் ராபி எங்கே போய் உடைந்து உட்காருகிறார் என்பதை நீங்களே பாருங்கள். சுவரில் வரைந்திருக்கும் விலங்குப் படங்கள் எனக்கு இன்னும் கண்ணுக்குள்ளேயே இருக்கின்றன.

இதிலும் குறை உண்டு. சில இடங்களில் வசனம் சுகாதாரத்துறைத் துண்டறிக்கை மாதிரி ஒலிக்கிறது. நாட்டில் இருக்கும் எல்லாப் பிரச்சினையும் அந்த ஒரே நாளில், அந்த ஒரே வாசல் வழியாக வந்துவிடுகிறது. காயங்களை மறைக்காமல் காட்டுவார்கள், அதனால் சாப்பிடும்போது போடாதீர்கள்.

செவரன்ஸுக்கு இவ்வளவு இடம் கொடுக்க எனக்கு மனம் வரவில்லை. கரு அபாரம்தான். லூமன் என்ற கம்பெனியில் சிலருடைய மூளையில் ஒரு சில்லு வைக்கிறார்கள். ஆபீஸுக்குள் போனால் வெளியுலக நினைவு இருக்காது, வெளியே வந்தால் ஆபீஸ் நினைவு இருக்காது. ஒரே உடம்பில் ஒரு உள்ளாள், ஒரு வெளியாள். மார்க் என்பவன் மனைவியை இழந்தவன். ஒரு நாளைக்கு எட்டு மணி நேரமாவது துக்கம் இல்லாமல் இருக்கலாம் என்று இதற்கு ஒப்புக்கொள்கிறான். மற்ற இரண்டும் நேரத்தை அப்படியே வைத்திருக்கின்றன. இது நேரத்தை இரண்டாக வெட்டுகிறது. லிஃப்ட் கதவு மூடித் திறந்தால் ஒருவனுக்கு ஒரு நாளே போய்விட்டது, இன்னொருவனுக்கு ஆபீஸைத் தவிர வேறு எதுவுமே இல்லை.

2022 ஏப்ரலில் முடிந்த முதல் சீசன் ஒன்பது எபிசோடும் கச்சிதம். அதன் கடைசி எபிசோடில் நகம் கடிக்காமல் உட்கார்ந்தவர் யாரும் இருக்க மாட்டார். அடுத்த சீசனுக்குக் கிட்டத்தட்ட மூன்று வருடம் காத்திருந்தோம். பத்து எபிசோடு வந்தது. படமாக்கத்தில் குறையே இல்லை, ஆனால் புதிர்மேல் புதிர் அடுக்குவதில் காட்டிய அக்கறையை ஆட்கள்மேல் எப்போதும் காட்டவில்லை. விதிவிலக்கு ஏழாவது எபிசோடு. ஒளிப்பதிவாளர் ஜெசிகா லீ கான்யே இயக்கியது. ஒரு பெண்ணை அறை அறையாக அழைத்துப் போகிறார்கள். ஒவ்வொரு அறைக்குள்ளும் அவள் வேறொருத்தி. ஒரு அறையில் அவளுக்கு எப்போதும் பல் மருத்துவர் நாற்காலிதான். இன்னொன்றில் எப்போதும் கிறிஸ்துமஸ், நன்றிக் கடிதங்களை எழுதி எழுதிக் கை வலிக்கிறது. அந்த அறையில் வாழ்பவளுக்கு அந்த வலியைத் தவிர வேறு உலகம் இல்லை. இப்படி ஒரு எபிசோடு வந்த அடுத்த வாரம், கதையை விட்டு விலகி 37 நிமிடத்துக்கு ஒரே ஒருவரின் பழைய ஊருக்குப் போனார்கள். வாரம் ஒன்றாகப் பார்த்த எங்களுக்கு அது ஏமாற்றமாக இருந்தது. இப்போது பார்ப்பவர்கள் ஏழையும் எட்டையும் ஒரே இரவில் பார்த்துவிட்டால் அந்தச் சோர்வு வராது.

இனி அக்காவின் கணக்கு. வாரத்துக்கு இரண்டு எபிசோடு. அடோலசன்ஸ் இரண்டு வாரத்தில் முடியும். த பிட் முதல் சீசனுக்கே ஏழெட்டு வாரம் வேண்டும், அதாவது இரண்டு மாதச் சந்தா. இரண்டாம் சீசனும் 2026 ஜனவரியில் தொடங்கிவிட்டது. செவரன்ஸ் 19 எபிசோடு, பத்து வாரம். அதற்குப் பிறகும் கதை முடியாது.

மனசு என்னவோ த பிட் பக்கம்தான் சாய்கிறது. ஆட்களோடு பழகிப் பழகி ஒட்டிக்கொள்ளும் தொடர் அது. தனியாக இருப்பவர்கள், வேலை முடிந்து வந்தால் வீட்டில் பேச ஆள் இல்லாதவர்கள் கேட்டால் யோசிக்காமல் அதைத்தான் சொல்வேன். ஆனால் அக்காவிடம் சொன்னபோது, "டியூட்டில பாக்குறது போதாதாடா?" என்றாள். டேனாவைப் பற்றிச் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "அது சரி, அந்த அம்மாவுக்காகப் பாக்கலாம்" என்றாள்.

ஆனாலும் இந்த மாதத்துக்கு நான் சொன்னது அடோலசன்ஸ். ஒரு மாதச் சந்தாவுக்குள் முடிவது ஒரு காரணம். அதைவிடப் பெரிய காரணம், அவள் மகனுக்கு இப்போதுதான் பதிமூன்று. அவன் போனில் வரும் இதயக்குறிகளுக்கு என்ன அர்த்தம் என்று எனக்குத் தெரியாது, அவளுக்கும் தெரியாது. அடுத்த வருடம் பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிவைக்கிற விஷயம் இல்லை இது.

சில நிபந்தனைகளும் போட்டேன். முதலில் அவளும் மாமாவும் மட்டும் பார்க்க வேண்டும். பையனோடு பார்ப்பதா வேண்டாமா என்பதை நாலும் முடிந்த பிறகு அவர்களே முடிவு செய்யட்டும். வட இங்கிலாந்து உச்சரிப்பு சட்டென்று பிடிபடாது, சப்டைட்டில் போட்டுக்கொள்ள வேண்டும். இரண்டு எபிசோடைச் சேர்த்துப் பார்க்கக் கூடாது. குறிப்பாக மூன்றாவதை இரவு டியூட்டிக்குக் கிளம்பும் முன் போடவே கூடாது. மறுநாள் லீவாக இருக்கும் இரவில்தான் அதைப் பார்க்க வேண்டும். அடுத்த இரண்டு மாதம் த பிட். செவரன்ஸ் மூன்றாம் சீசன் தேதி வரட்டும், அப்போது பேசிக்கொள்ளலாம்.

நேற்று இரவு பதினொன்றே முக்காலுக்கு அக்காவிடமிருந்து மெசேஜ் வந்தது. முதல் எபிசோடு முடிந்திருக்கிறது. "அந்த அப்பா மூஞ்சியையே காட்டினாங்கல்ல," என்று மட்டும் எழுதியிருந்தாள். கொஞ்ச நேரம் கழித்து இன்னொன்று. "மூணாவதை நீயும் அன்னைக்கே பாரு. முடிஞ்சதும் போன் பண்ணுவேன்."

அவளுக்கு வியாழக்கிழமை லீவு. புதன் இரவு ஒன்பதரைக்கு அவள் அங்கே போடுவாள், நான் இங்கே போடுவேன்.